அமலியின் சம்மதம்

பேச்சித்தாய் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

ஆயா வேலை பார்த்த மூன்று வருஷத்தில் அவள் வராமல் இருந்தது மொத்தமே மூன்று நாள்தான். வெள்ளத்தில் பஸ் ஓடாத இரண்டு நாள், மகள் பிரசவத்துக்கு ஒரு நாள். மற்றபடி சீவலப்பேரியில் ஏழு மணி டவுன் பஸ் ஏறினால், எட்டு மணிக்கு முன்னால் பாளையங்கோட்டைக் குழந்தைகள் இல்லத்தின் இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் அமலி ஓடி வருவாள். இடது காலைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து ஓடுகிற ஓட்டம்.

இப்போது மணி எட்டே முக்கால். அமலி கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் ஸ்டூலின் மேல் தட்டில் இட்லி காய்ந்துகொண்டிருந்தது.

"அமலிக்குட்டி, ஒரே ஒரு வாய்..." என்று ஃபிளோரா குனிந்தாள். பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேறு எந்த நாளாக இருந்தாலும் பரவாயில்லை. இன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்குக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரணை. ஐந்து வயது தாண்டிய பிள்ளை என்றால், தத்துக் கொடுக்கும் முன் அந்தப் பிள்ளையின் சம்மதத்தையும் கேட்டாக வேண்டும். அமலிக்கு ஐந்து வயது எட்டு மாதம்.

ஃபிளோராவும் அவள் கணவன் ஜோன்ஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கோப்பில் அவர்கள் பெயருக்கு மேல் 'வெளிநாட்டுத் தம்பதி' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து முதல் நாளே ஜோன்ஸ் சிரித்தான். அவன் வீரபாண்டியன்பட்டணத்துக்காரன். அவள் தூத்துக்குடியில் பிறந்து, கல்லூரிப் படிப்பை இதே பாளையங்கோட்டையில் முடித்தவள். பதினைந்து வருஷமாகப் பெர்த் நகரத்தில் வாசம். அவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவன் துறைமுகத்தில் டக் போட் ஓட்டுகிறான். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துத் துறைக்குள் கொண்டுவரும் சின்னப் படகு அது.

மூன்று தடவை கரு வயிற்றில் தங்கி, நிலைக்காமல் போனது. அப்புறம் ஏழு வருஷம் மனு, மருத்துவச் சான்று, வீட்டைப் பார்க்க வந்த அதிகாரிகள். கடைசியில் ஒரு நாள் கணினித் திரையில் அமலியின் படம் வந்தது. உள்ளூரில் நான்கு தம்பதிகள் அவள் காலைப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று போயிருந்தார்கள். ஃபிளோரா யோசிக்கவில்லை.

ஆனால் இந்தப் பன்னிரண்டு நாளில் அமலி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்த கலர் பென்சிலை வாங்கிக்கொண்டாள். பொம்மையை வாங்கிக்கொண்டாள். வாங்கிய எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பேச்சித்தாயின் கட்டைப்பையில் போட்டாள்.

பேச்சித்தாய் வரவில்லை என்று தெரிந்த முதல் நொடியில், 'நல்லதாப் போச்சு' என்று ஒரு நினைப்பு மனசுக்குள் எட்டிப் பார்த்தது. ஃபிளோராவுக்கே அது வெட்கமாக இருந்தது.

இல்லத்துக் கண்காணிப்பாளர் அனுராதா அலுவலக அறையில் ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சுவிட்ச் ஆஃப்னு வருது."

"உடம்புக்கு முடியலையோ?"

அனுராதா மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடியும் மூடினாள். "நேத்து சாயந்தரம் நான் ஒண்ணு சொன்னேன். அதுல மனசு வருத்தமோ என்னமோ."

"என்ன சொன்னீங்க?"

"இன்னைக்குப் பிள்ளை மாட்டேன்னு சொல்லிட்டா உங்க ஏழு வருஷமும் போச்சு. அதுக்கும் வேற நல்ல இடம் அமையுமோ என்னமோ. அதனால, 'நீ முன்னால போ, நான் அடுத்த பிளேன்ல வாரேன்'னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கன்னேன். சின்னப் பிள்ளைதானே, பத்து நாள்ல மறந்துரும். எதுவும் பேசாம பையைத் தூக்கிட்டுப் போனாங்க."

ஃபிளோரா எழுந்துவிட்டாள். "வீடு எங்கன இருக்கு?"

"மேடம், மூணு மணிக்கு விசாரணை."

"இப்ப ஒம்பதுதான் ஆகுது."

வெளியே வந்து ஜோன்ஸிடம் சொன்னாள். அவன் கேட்டுக்குப் பக்கத்தில், பிள்ளைக்கு நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தான். ஆறடி உயரத்து மனிதன், காலை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டு.

"நீ போயிட்டு வா. நான் இங்கனயே இருக்கேன்" என்றான். "அவ நிக்கிற வரைக்கும் நானும் இருப்பேன்."

வாடகைக் காரின் டிரைவர் பூதத்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மார்கழி பிறந்த நேரம். பாளையங்கோட்டைத் தெருக்களில் வீட்டு வாசல்களில் காகித ஸ்டார்கள் தொங்கின. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பிசானப் பருவத்து நெல் பச்சை பிடித்து நின்றது.

"சீவலப்பேரியில எங்கம்மா? துர்க்கை கோவில் பக்கமா, ஆத்துப் பக்கமா?"

"தெரியாது அண்ணாச்சி. பேச்சித்தாய்னு கேட்டா சொல்வாங்கன்னாங்க."

"அங்கன வீட்டுக்கு ஒரு பேச்சித்தாய் இருப்பாவ. விசாரிப்போம், விடுங்க."

மூன்றாவது ஆளிடம் விசாரித்தபோது தெரிந்தது. "ஆஸ்டல்ல வேலை பாக்குத பேச்சியா? அந்தா, மதகைத் தாண்டி வயல்ல களை பறிக்கால்லா."

வரப்பு வழுக்கியது. ஃபிளோரா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். பாதி தூரத்தில் இடது கால் சேற்றுக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டது. வயலில் வரிசையாகக் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, கையில் ஒரு கொத்துக் களையோடு நின்றாள்.

"எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்திய?" என்றாள் பேச்சித்தாய்.

"உங்களைக் கூப்பிட."

"நான் வரலம்மா. அனுராதா மேடத்துட்ட சொல்லிருங்க. வேலைய விட்டு நிப்பாட்டுனாலும் சரிதான்."

"அக்கா, அவங்க சொன்னது எனக்குத் தெரியாது. சத்தியமா இப்பத்தான் தெரியும்."

பேச்சித்தாய் களையை வரப்பில் எறிந்துவிட்டுக் கரையேறினாள். ஐம்பத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு. மூச்சு வாங்கியது. "நான் ஒண்ணும் உங்களுக்கு இடைஞ்சல் பண்ணணும்னு நினைக்கல. அது நல்ல இடத்துக்குப் போகட்டும். அந்தக் காலுக்கு வைத்தியம் பாருங்க, படிக்க வைங்க. ஆனா அந்தப் பிள்ளை வந்த புதுசுல ராத்திரி தூங்காது தெரியுமா? வாசலைப் பாத்துக்கிட்டே கெடக்கும். நான் வீட்டுக்குக் கெளம்பும்போது, 'காலையில வருவியா'ன்னு கேக்கும். வருவேம்பேன். மறுநா வந்துருவேன். அப்படி ஒரு மாசம் போன பொறவுதான் கண்ணை மூடுச்சு. நான் சொன்ன ஒரு சொல்லும் அதுகிட்ட பொய்யாப் போகல. இப்பப் போயி, அடுத்த பிளேன்ல வாரேன்னு எப்படிச் சொல்லுவேன்? அது அங்கன போயி தெனமும் வாசலைப் பாத்துக் கெடக்கணுமா?"

ஃபிளோரா குனிந்து தன் சேற்றுக் காலைப் பார்த்தாள்.

"நேத்து சாயந்தரமும் கேட்டாளா?"

"கேட்டா."

"என்ன சொன்னிய?"

பேச்சித்தாய் வயலின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வருவேன்னு சொல்லியிருப்பிய. பழக்கத்துல வாயில வந்திருக்கும்" என்றாள் ஃபிளோரா. "காலையில இருந்து கேட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா அக்கா. ஒரு வாய் சாப்பிடல. பொய் சொல்லக் கூடாதுன்னுதான் இங்க நிக்கிய. ஆனா அவளுக்கு இன்னைக்கே அது பொய்யாயிட்டு."

பேச்சித்தாய் தலைத்துண்டை அவிழ்த்தாள். முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வந்து நான் என்னத்தச் சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க. நான் வரமாட்டேன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவா."

"அழுது ஊரைக் கூட்டிருவா. அப்புறம் அங்க போயி மாட்டேன்னுட்டா?"

அந்தக் கேள்வி வரும் என்று ஃபிளோராவுக்குத் தெரியும். கார் ஏறியதிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். பெர்த் வீட்டில் மஞ்சள் வண்ணம் அடித்து வைத்திருக்கிற சின்ன அறை கண்ணுக்குள் வந்து போனது.

"மாட்டேன்னா மாட்டேன்தான்" என்றாள். "ஏமாத்திக் கூட்டிட்டுப் போனா அவ என்னைக்கும் எம்மகளா ஆகமாட்டா அக்கா."

பேச்சித்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏளா, எம்பாத்தியையும் சேத்துப் பாத்துக்கிடுங்க. நான் டவுனுக்குப் போயிட்டு வாரேன்."

வாய்க்காலில் இரண்டு பேரும் கால் கழுவினார்கள்.

இல்லத்துக் கேட்டுக்குள் நுழைந்தபோது பத்தரை. ஜோன்ஸ் சொன்னபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அமலி ஓடிவந்து பேச்சித்தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஏன் லேட் என்றுகூடக் கேட்கவில்லை.

பேச்சித்தாய் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் இட்லியை ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். ஃபிளோரா கொஞ்சம் தள்ளி நின்றாள். போகவும் மனசில்லை, பக்கத்தில் வரவும் துணிவில்லை.

"ஏட்டி, நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. இந்த அத்தையும் மாமாவும் ஒன்னியக் கூட்டிட்டுப் போயி அவிய பிள்ளையா வளக்கணும்னு கேக்காவ. பிளேன்ல போணும். ரொம்பத் தூரம்."

"நீயும் வா."

"நான் வர முடியாதுட்டி."

"பொறவு வருவியா?"

"பொறவும் இல்ல. எம்மக இருக்கா, பேரன் இருக்கான், இந்த வேலை இருக்கு. நான் இங்கனதான் இருப்பேன். நீ லீவுக்கு வரும்போது என்னையப் பாக்கலாம். ஃபோன்ல பேசலாம். ஆனா தெனமும் காலையில நான் வரமாட்டேன்."

அமலி அவள் முகத்தையே பார்த்தாள். அது விளையாட்டில்லை என்று புரிந்ததும் மடியிலிருந்து இறங்கினாள். இரண்டு கையையும் முஷ்டியாக்கிப் பேச்சித்தாயின் தொடையில் குத்தினாள். மறுபடியும் மறுபடியும் குத்தினாள். பேச்சித்தாய் தடுக்கவில்லை. அப்புறம்தான் அழுகை வந்தது. இல்லமே அதிரும்படியான அழுகை. அனுராதா வாசலுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று அடங்க.

கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்து மாடி வராந்தாவில் அவர்கள் காத்திருந்தபோது, ஜன்னல் வழியே ஆறும் பாலமும் தெரிந்தன. அமலி வீங்கிய கண்ணோடு பேச்சித்தாயின் மடியில் சாய்ந்திருந்தாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் பேச்சித்தாயின் தாடையைத் தொட்டுத் திருப்பினாள்.

"அவியகிட்ட கேளு. அங்கன ஆறு இருக்கான்னு."

"எனக்கு அந்த ஊரு தெரியாது. நீயே கேளு."

அமலி நெடுநேரம் யோசித்தாள். பிறகு ஜோன்ஸ் பக்கம் பாதி முகத்தைத் திருப்பினாள். "அங்கன ஆறு இருக்கா?"

பன்னிரண்டு நாளில் முதல் கேள்வி. ஜோன்ஸ் சட்டென்று நிமிர்ந்தான். "இருக்கு" என்றான். "ஆறும் இருக்கு, கடலும் இருக்கு. ரெண்டும் சேர்ற இடத்துலதான் என் படகு நிக்கும்."

"என்ன படகு?"

"டக் போட். பெரிய கப்பல் இருக்குல்லா, அதுக்குத் தன்னால திரும்பத் தெரியாது. நான் போயி, 'வாலே இங்கன'ன்னு கயிறு கட்டி இழுத்துட்டு வருவேன்."

"கப்பல் பெருசா, நீ பெருசா?"

"கப்பல்தான். இந்த ஆபீஸ் மாதிரி நாலு ஆபீஸ் பெருசு."

அமலி அந்தக் கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தாள். "சாயந்தரம் வீட்டுக்கு வந்துருவியா?"

ஜோன்ஸ் வாயைத் திறந்தான். 'வந்துருவேன் செல்லம்' என்று சொல்லத்தான் போனான். ஃபிளோரா அவனைப் பார்த்தாள். காரில் வரும்போது வயலில் நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்லியிருந்தாள்.

"எல்லா நாளும் இல்ல" என்றான் மெதுவாக. "கப்பல் லேட்டா வந்தா நானும் லேட்டாத்தான் வருவேன். சில நாள் விடிஞ்சப்புறம்தான் வருவேன். ஆனா போகும்போதே எப்ப வருவேன்னு உங்கிட்ட சொல்லிட்டுப் போவேன்."

அமலி முகத்தை மறுபடியும் ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்றேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

ஆட்சியர் ஓர் இளம்பெண். கோப்பைப் புரட்டி முடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அமலிக்கு எதிரே இருந்த சோபாவில் உட்கார்ந்தார்.

"இவங்க யாருன்னு தெரியுமா கண்ணு?"

"டக் போட் மாமா" என்றாள் அமலி. ஃபிளோராவைக் காட்டி, "அது அவிய வீட்டுக்காரி."

எழுதிக்கொண்டிருந்த கிளார்க் கூடச் சிரித்துவிட்டார்.

"அவங்க உன்னைக் கூட்டிட்டுப் போய் அவங்க மகளா வளர்க்கணும்னு ஆசைப்படுறாங்க. அது எத்தனை நாளைக்குன்னு தெரியுமா?"

"எப்பவும். லீவுக்குத்தான் இங்கன வருவேன். பேச்சிம்மா வரமாட்டா. அவ பேரனைப் பாக்கணும்."

"உனக்கு அதுல சம்மதமா? பிடிக்கலேன்னாலும் சொல்லலாம். யாரும் திட்டமாட்டாங்க."

அமலி பேச்சித்தாயைப் பார்த்தாள். பேச்சித்தாய் வேண்டுமென்றே தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'போ' என்றோ 'போகாதே' என்றோ தன் முகத்தில் எதையும் பிள்ளை வாசித்துவிடக் கூடாது என்று. அனுராதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆட்சியர் கையைக் காட்டி நிறுத்தினார்.

ஃபிளோரா ஜெபம் சொல்லப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து சொல்லிவரும் ஜெபத்தில் இரண்டாவது வரி மறந்துபோயிற்று.

"போவுதேன்" என்றாள் அமலி.

ஃபிளோரா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா இன்னைக்கு இல்ல. இன்னைக்குப் பேச்சிம்மா கூட பஸ் ஸ்டாப்புக்குப் போணும்."

"சரி, இன்னைக்கு இல்ல" என்றார் ஆட்சியர். அவர் குரலும் கொஞ்சம் மாறித்தான் இருந்தது. "பாஸ்போர்ட் வர இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் பஸ் ஸ்டாப்புக்குத் தினமும் போயிட்டு வா."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் ஜோன்ஸ் சுவரில் சாய்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பேச்சித்தாய் அவன் முதுகில் பைய இரண்டு தட்டுத் தட்டினாள். "நல்லதுக்கு எதுக்குய்யா அழுவுதிய" என்று சொன்னவள், தானும் முந்தானையை எடுத்துக்கொண்டாள்.

கிளார்க் ஒரு படிவத்தோடு பின்னாலேயே வந்தார். "சார், உத்தரவுல பிள்ளை பேரு என்னன்னு போடணும்? பாஸ்போர்ட், பிறப்புச் சான்று எல்லாத்துலயும் இதுதான் வரும். அமலிங்கிறது இல்லத்துல வச்ச பேருதானே. வேற பேரு வைக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. அப்புறம் மாத்துறது பெரும்பாடு."

"ரோசலின் அமலின்னு போடுங்க சார்" என்றான் ஜோன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்கம்மா பேரு ரோசலின். நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுனதுதான்."

கிளார்க் பேனாவை எடுத்தார்.

அப்போது ஃபிளோராவின் சேலையை யாரோ இழுத்தார்கள். அமலி.

"குனி" என்றாள்.

ஃபிளோரா குனிந்தாள். பிள்ளை அவள் கழுத்தில் கையைப் போட்டு, காதோடு வாயை வைத்தாள். சூடான மூச்சு.

"எம்பேரு அமலி இல்ல. செவந்தி."

ஃபிளோரா அசையவில்லை.

"எங்கம்மா அப்படித்தான் கூப்புடுவா. யார்கிட்டயும் சொல்லாத. பேச்சிம்மாட்டயும் சொல்லாத."

"சொல்லமாட்டேன்" என்றாள் ஃபிளோரா.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது. பெற்றவள் வைத்த பெயர். மூன்று வருஷமாக இந்தச் சின்ன நெஞ்சு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தது. அதை எழுதச் சொன்னால், கொடுத்த வாக்கு இந்த நிமிஷமே போயிற்று. எழுதாமல் விட்டால், அந்தப் பெயர் எந்தக் காகிதத்திலும் என்றைக்கும் இருக்காது.

"ரோசலின்... ஸ்பெல்லிங் சொல்லுங்க சார்" என்றார் கிளார்க்.

"எழுதாதீங்க" என்றாள் ஃபிளோரா. "நாளைக்குச் சொல்லலாமா சார்?"

"காலையில பத்து மணிக்குள்ள சொல்லிரணும்மா. கலெக்டர் அம்மா கையெழுத்துப் போட்டுட்டு முகாமுக்குக் கிளம்பிருவாங்க."

"வந்துருதேன்."

ஜோன்ஸ் ஒன்றும் புரியாமல் பார்த்தான். பேச்சித்தாய் ஏற்கெனவே படியிறங்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. அமலி அவள் பின்னால் ஓடினாள். நான்கு படி இறங்கியதும் நின்று, மேலே திரும்பி, "வாங்க" என்று ஃபிளோராவையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

"உங்கிட்ட என்ன சொன்னா?" என்று கேட்டான் ஜோன்ஸ்.

பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் ஃபிளோரா அவனிடம் எதையும் மறைத்தவள் இல்லை.

"சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் கழற்றிவைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு பிள்ளையின் பின்னால் படியிறங்கினாள்.